சுலைமான் நபியின் சிம்மாசனமும் 1310 என்ற எண்ணும்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். உங்கள் வாப்பாவின் வாப்பா 1940களில் ஈரானின் அபாதான் எண்ணெய் ஆலையில் குமாஸ்தாவாக இருந்து ஊர் திரும்பியபோது ஒரு கம்பளம் கொண்டுவந்தார். ஆள் உயரத்துக்குச் சற்று அதிகம். நடுவில் சிம்மாசனத்தில் தாடி வைத்த ஒருவர், அவர் தலையைச் சுற்றித் தீச்சுடர், பக்கத்தில் ஒரு பெண், சுற்றிலும் மிருகங்கள், பறவைகள், கொம்பு முளைத்த பூதங்கள். மூலையில் 1310 என்று பாரசீக எண். பழம்பொருள் கடைக்காரர் ஒருவர் "எழுநூறு வருடப் பழசு" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். உம்மாவோ நபிமார் உருவத்தைச் சுவரில் மாட்டலாமா என்று தயங்கி, மடித்துப் பெட்டியில் வைத்திருக்கிறார். படத்தில் இருப்பது யார், எவ்வளவு பழையது, முஸ்லிம் நாட்டில் இப்படி ஒன்றை எப்படி நெய்தார்கள் என்பவை உங்கள் கேள்விகள்.

நான் ஆலிம் இல்லை, வரலாற்றுப் பேராசிரியரும் இல்லை. வளைகுடாவில் கம்பளம் பழுதுபார்க்கும் பட்டறையில் பல வருடம் உட்கார்ந்தவன். இந்த மாதிரிக் கம்பளங்கள் பல என் மடிமீது கிடந்திருக்கின்றன.

முதலில் அந்த எண்ணை முடித்துவிடுவோம். 1310 என்பது கி.பி. இல்லை, ஹிஜ்ரி. எழுநூறு வருடக் கதை அங்கேயே விழுந்துவிடுகிறது. இன்று ஓரளவு முழுசாக மிஞ்சியிருக்கும் பாரசீகக் கம்பளங்களில் பெயர் பெற்றவை 16ஆம் நூற்றாண்டில்தான் தொடங்குகின்றன. லண்டனில் இருக்கும் புகழ்பெற்ற அர்தபீல் கம்பளத்திலேயே நெய்திருக்கும் ஆண்டு ஹிஜ்ரி 946, அதாவது 1539-40. கி.பி. 1310இல் நெய்தது உங்கள் பெட்டியில் இருந்தால் உலகத்து அருங்காட்சியகங்கள் எல்லாம் உங்கள் வாசலில் வரிசையில் நிற்கும்.

சரி, ஹிஜ்ரி என்றால் எந்த ஹிஜ்ரி? ஈரானில் இரண்டு உண்டு. பிறை கணக்கில் போகும் சந்திர ஆண்டு நமக்குத் தெரிந்தது. இன்னொன்று மார்ச் மாதம் நவ்ரோஸ் அன்று பிறக்கும் சூரிய ஆண்டு. 1925இல் ஈரான் அரசு இதை அதிகாரபூர்வ நாட்காட்டியாக்கியது. சந்திரக் கணக்கில் 1310 என்றால் 1892-93. சூரியக் கணக்கில் 1931-32. இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய நாற்பது வருடம், விலையிலோ அதைவிடப் பெரிய இடைவெளி. 1304 முதல் 1340 சொச்சம் வரை எந்த எண் இருந்தாலும் இந்தக் குழப்பம் உண்டு. விற்பவர் எப்போதும் சந்திரக் கணக்கைத்தான் சொல்வார். எண்ணை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது, சாயத்தையும் நெசவையும் பார்க்கவேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

எண்ணை நீங்கள் சரியாக வாசித்தீர்களா என்பதும் ஒரு கேள்வி. பாரசீகத்தில் பூஜ்யம் வெறும் புள்ளி, 5 தலைகீழ் இதயம் மாதிரி இருக்கும். முடிச்சில் நெய்யும்போது இரண்டும் ஒன்றையொன்று ஒத்துவிடும். 2க்கும் 3க்கும் வித்தியாசம் ஒரே ஒரு பல். அந்தப் பல்லைப் பிடுங்கிவிட்டுப் பின்னணி நிறத்தில் நாலைந்து முடிச்சு போட்டால் 1310 என்பது 1210 ஆகி, கம்பளத்துக்கு நூறு வயது கூடிவிடும். அப்படிச் செய்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, படத்தில் பாதியை மட்டும் வரைந்து மறுபாதியைத் திருப்பி நெய்வது வழக்கம். எழுதப் படிக்கத் தெரியாத நெசவாளி எண்ணையும் சேர்த்துத் திருப்பிவிடுவார். கண்ணாடியில் தெரிவது போல எழுத்து திரும்பிக் கிடந்தால் பயப்படவேண்டாம், அது போலி என்பதற்கு அடையாளம் இல்லை.

இப்போது சிம்மாசனத்தில் இருப்பவர். நீங்கள் சொன்ன விவரத்துக்கு அநேகமாக சுலைமான் நபி. பக்கத்தில் இருப்பவர் பல்கீஸ், கிறிஸ்தவர்கள் சேபா நாட்டு அரசி என்பார்களே, அவர். குர்ஆனில் அந்த அரசிக்குப் பெயர் கிடையாது, பல்கீஸ் என்பது பிற்கால மரபு. பறவைகளின் மொழி தெரிந்தவர், ஜின்களையும் காற்றையும் ஏவியவர் என்பதால் சுலைமான் நபியைச் சுற்றி உலகத்து உயிர்கள் எல்லாம் கூடியிருக்கும். கொம்பு முளைத்தவை ஜின்கள். ஈரானியர்கள் அவர்களைத் தங்கள் பழங்கதைகளில் வரும் தேவ் என்ற பூதங்களாகவே வரைந்துவிட்டார்கள். புள்ளி போட்ட உடம்பு, பூனைக் காது, கையில் வளையல். பார்த்தால் பயம் வராது, சிரிப்புதான் வரும். உறுதிப்படுத்த ஒரு வழி: சிம்மாசனத்துக்கு மேலேயோ அவர் கையருகிலோ கொண்டை வைத்த சின்னப் பறவை இருக்கிறதா பாருங்கள். அது ஹுத்ஹுத், நம் ஊர்க் கொண்டலாத்தி. சேபாவிலிருந்து செய்தி கொண்டுவந்த பறவை. அது இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

இல்லாவிட்டால் கொஞ்சம் யோசிக்கவேண்டும். ஈரானியர்களின் மனதில் சுலைமான் நபியும் அவர்களுடைய புராண அரசன் ஜம்ஷீதும் ரொம்ப நாளாகக் கலந்தே கிடக்கிறார்கள். இருவருக்கும் பூதங்கள் ஏவல் செய்தன, இருவரும் வானத்தில் பறந்தார்கள். பெர்சபோலிஸ் இடிபாடுகளை ஜம்ஷீதின் சிம்மாசனம் என்றார்கள். பசர்கதேயில் உள்ள சைரஸ் மன்னனின் கல்லறையைச் சுலைமானின் தாயார் கல்லறை என்றார்கள். அப்புறம் தெஹ்ரானில், அப்போது ஈரானை ஆண்ட கஜர் வம்சத்து ஃபத் அலி ஷா 1806இல் யஸ்து ஊர்ச் சலவைக்கல்லில் ஒரு சிம்மாசனம் செய்யவைத்தார். பூதங்களும் தேவதைகளும் தோள்கொடுத்துத் தூக்கி நிற்பது போன்ற வடிவம். அதற்கு அந்தக் காலத்தில் வழங்கிய பெயரே சுலைமானின் சிம்மாசனம். குலிஸ்தான் அரண்மனையில் இன்றைக்கும் இருக்கிறது. பிற்காலக் கம்பளத்தில் சுலைமான் நபி கஜர் அரசர் போல இடுப்பு ஒடுங்கிய அங்கியும் நீண்ட கருந்தாடியுமாக உட்கார்ந்திருப்பது இதனால்தான். நெசவாளிக்குத் தெரிந்த அரசர் அப்படித்தான் இருந்தார்.

பெண் இல்லாமல், அரசரைச் சுற்றி வீரர்களும் அமைச்சர்களும் மட்டும் நின்றால் அவர் ஹூஷங் ஷாவாக இருக்கலாம். இவரும் புராண அரசர், நபி அல்ல. ஜலாலுத்தீன் மிர்ஸா என்ற கஜர் இளவரசர் 1868இலிருந்து பழைய ஈரானிய அரசர்களின் வரலாற்றைப் படங்களோடு அச்சிட்டார். அந்தப் படங்கள் ஊர் ஊராகப் போய்க் கம்பளங்களில் ஏறின. சின்னக் கட்டத்துக்குள் பெயர் எழுதியிருப்பார்கள், அதை வாசித்தால் தீர்ந்தது.

அந்த அச்சுப் புத்தகத்தைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. இந்தக் கம்பளங்களைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் நெசவாளி வேதத்தைப் படித்து அதிலிருந்து காட்சியை எடுத்திருப்பார் என்று நினைக்கிறார்கள். நான் பார்த்த வரையில் அப்படி இல்லை. இவை கேட்ட கதையும் பார்த்த படமும் சேர்ந்தவை. ஈரானில் 1840களிலிருந்து கல்லச்சில் படக்கதைகள் வரத் தொடங்கின. நபிமார் கதைகள், காதல் காவியங்கள், வீரர் கதைகள் எல்லாம் மலிவு விலையில் கறுப்புக் கோட்டுச் சித்திரங்களோடு சந்தையில் கிடைத்தன. வாசிக்கத் தெரியாதவர்களும் படம் பார்த்தார்கள். இன்னொரு பக்கம் பர்தா, அதாவது திரைச்சீலைக் கதைசொல்லிகள். பெரிய துணியில், நபிகளாரின் பேரர் ஹுசைன் நாயகம் கொல்லப்பட்ட கர்பலா காட்சிகளை வரைந்து சந்தையில் தொங்கவிட்டு, கோலால் ஒவ்வொரு உருவமாகத் தொட்டுத் தொட்டுப் பாடுவார்கள். மூன்றாவது தஃஸியா நாடகம், முஹர்ரம் மாதத்தில் ஊர் கூடி நடத்துவது. கம்பளத்தில் இருக்கும் முகங்கள், நிற்கும் விதம், ஆடை எல்லாம் இந்த மூன்றிலிருந்தும் வந்தவை. கறுப்புக் கோட்டுச் சித்திரத்தில் நிறம் கிடையாது. ஆகவே எந்தத் தேவுக்குப் பச்சை, எந்தக் குதிரைக்கு நீலம் என்பது நெசவுப் பட்டறையின் சொந்த முடிவு. நீலக் குதிரையைப் பார்த்து ஆழ்ந்த அர்த்தம் தேடும் கட்டுரைகளை வாசிக்கும்போது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும். மீதி நூல் நீலமாக இருந்திருக்கும்.

முஸ்லிம் நாட்டில் எப்படி என்ற கேள்விக்கு வருகிறேன். உயிருள்ள உருவங்களை வரைவதைக் கண்டிக்கும் ஹதீஸ்கள் உண்டு, எல்லாருக்கும் தெரியும். ஆனால் பாரசீகத்தில் கையெழுத்துப் பிரதிகளுக்கு நபிமார் படம் வரைவது பல நூற்றாண்டுப் பழக்கம். தலையைச் சுற்றிய தீச்சுடர் அந்த ஓவிய மரபில் நபிமாருக்கும் இமாம்களுக்கும் உரிய அடையாளம். நபிகள் நாயகத்தின் முகத்தைப் பல ஓவியர்கள் திரையிட்டு மறைத்தார்கள். முந்திய நபிமார் விஷயத்தில் அவ்வளவு கட்டுப்பாடு இல்லை. ஷியா ஈரானில் அலியார், ஹசன், ஹுசைன் படங்கள் வீட்டிலும் காபிக் கடையிலும் மாட்டப்பட்டன. இதெல்லாம் வீட்டு வழக்கம், பள்ளிவாசல் வழக்கம் அல்ல. தொழும் இடத்தில் உருவம் வராது. மேலே சொன்ன அர்தபீல் கம்பளம் ஒரு தர்காவுக்கு நெய்தது. 10 மீட்டருக்கு மேல் நீளம், அதில் ஒரு பறவை கூடக் கிடையாது, விளக்கும் பூங்கொடியும்தான்.

இதில் ஒரு முரண் எனக்குப் பிடிக்கும். ஆயிஷா நாயகி உருவம் போட்ட திரைச்சீலை தொங்கவிட்டபோது நபிகள் நாயகம் விரும்பவில்லை, பிறகு அதை வெட்டித் திண்டு ஆக்கினார்கள் என்று ஹதீஸ் உண்டு. அதை வைத்துச் சில மார்க்க அறிஞர்கள், மேலே மாட்டிய உருவம்தான் கூடாது, மிதிபடும் விரிப்பில் இருந்தால் குற்றமில்லை என்றார்கள். ஆக, சட்டப்படி உருவக் கம்பளம் தரையில் கிடக்கலாம். ஆனால் நபியின் முகத்தை யார் மிதிப்பார்கள்? நெய்தவர்களும் வாங்கியவர்களும் இந்தக் கம்பளங்களைச் சுவரில்தான் தொங்கவிட்டார்கள். அதனாலேயே நூறு வயதுக் கம்பளத்திலும் முடி, அதாவது மேல்பக்கம் நிற்கும் நூல்நுனி, தேயாமல் இருக்கும். நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால், முஸ்லிம் அல்லாத ஒருவர் வீட்டுத் தரையில் கிடந்து வந்தது என்று நான் ஊகிப்பேன்.

மற்றக் காட்சிகளையும் தெரிந்துகொள்வது நல்லது. எனக்கு மிகப் பிடித்தது யூசுஃப் நபி. எகிப்து அதிகாரி அஜீஸின் மனைவி (மரபில் வழங்கும் பெயர் ஜுலைகா) அடிமை இளைஞன்மேல் ஆசைப்படுகிறாள் என்று ஊர்ப்பெண்கள் கேலி பேசுகிறார்கள். அவள் அவர்களை விருந்துக்கு அழைத்து, ஆளுக்கொரு கத்தியும் கொடுத்து, யூசுஃபை உள்ளே வரச் சொல்கிறாள். அவர் அழகைப் பார்த்த திகைப்பில் எல்லாரும் கையை வெட்டிக்கொள்கிறார்கள். இந்தக் கத்திக் காட்சி குர்ஆனில் உண்டு, யூத மரபுக் கதைகளில் உண்டு, பைபிளின் ஆதியாகமத்தில் கிடையாது. குர்ஆன் பழத்தின் பெயரைச் சொல்லவில்லை. பாரசீக மரபு சொல்கிறது: தொரஞ்ச், அதாவது நாரத்தை வகைப் பழம். கம்பளத்தில் பார்த்தால் பெண்கள் அரைவட்டமாக உட்கார்ந்திருப்பார்கள், மடியில் மஞ்சள் உருண்டைகள், ஒருத்தி மயங்கிச் சாய்ந்திருப்பாள், கையில் தட்டும் கெண்டியுமாக யூசுஃப் வாசலில் நிற்பார்.

விஷயம் இங்கேதான் சுவையாகிறது. கம்பள வேலையில் நடு மையத்தில் வரும் பெரிய பதக்க வடிவத்துக்கும் தொரஞ்ச் என்றுதான் பெயர். நாலு மூலையில் வரும் முக்கோணங்கள் லச்சக், தலைத்துணி மாதிரி. மையமும் மூலையும் கொண்ட கம்பளத்தை லச்சக் தொரஞ்ச் என்பார்கள், ஈரானில் எந்தக் கடையில் கேட்டாலும் புரியும். நான் பழுதுபார்த்த ஒரு யூசுஃப் கம்பளத்தில், விருந்துக் காட்சியை அப்படியே நடுத் தொரஞ்சுக்குள் வைத்திருந்தார்கள். பழத்துக்குள் பழம் வெட்டும் பெண்கள். வடிவமைத்தவர் தெரிந்தே விளையாடினாரா, தற்செயலா என்று அந்தக் கம்பளம் இருந்த மூன்று வாரமும் யோசித்துக்கொண்டிருந்தேன். தெரிந்தே என்றுதான் எனக்குப் படுகிறது.

அடுத்தது இப்ராஹீம் நபி மகனை அறுக்க முனையும் காட்சி. பக்ரீத் கொண்டாடும் எவருக்கும் தெரிந்த கதை. கண் கட்டிய சிறுவன், உயர்ந்த கத்தி, மேலே ஆட்டுக்கிடாயோடு பறந்துவரும் ஜிப்ரீல். குர்ஆன் அந்த இடத்தில் மகன் பெயரைச் சொல்லவில்லை. முஸ்லிம்களில் பெரும்பாலோர் இஸ்மாயில் என்பார்கள், பைபிளில் ஈசாக்கு. படத்தில் இரண்டும் ஒன்றே, எழுத்தைப் பார்த்தால்தான் தெரியும். ஹீப்ரு எழுத்து இருந்தால் யூதர்களுக்காக நெய்தது. ஈரானின் காஷான் நகரத்தில் யூதர்கள் கணிசமாக இருந்தார்கள், பட்டு வியாபாரத்தில் பெயர் பெற்றவர்கள். மோசேயும் ஆரோனும் கற்பலகையோடு நிற்கும் பட்டுக் கம்பளங்கள் அங்கிருந்து வந்தவை. இப்ராஹீம் காட்சி ஷியாக்களிடம் இவ்வளவு பரவியதற்குக் காரணம் தஃஸியா. அந்த மேடையில் இஸ்மாயிலின் கதையும் கடைசியில் கர்பலாவில் ஹுசைன் நாயகம் உயிர் கொடுத்ததைத்தான் நோக்கிப் போகும். சிறுவன் கழுத்தில் கத்தி வைக்கும்போதே சனங்கள் ஹுசைனுக்காக அழுவார்கள்.

நூஹ் நபியின் கப்பல், ஆதம் ஹவ்வா, தடி பாம்பாகும் மூஸா நபி, குழந்தையோடு மர்யம் அம்மையார் எல்லாம் உண்டு. மர்யம் படங்களில் பல ஐரோப்பிய அச்சுப் படங்களைப் பார்த்து நெய்தவை, முகத்திலேயே தெரிந்துவிடும். ஒரு எச்சரிக்கை மட்டும். நீண்ட முடியும் அழகிய முகமும் கையில் திருவோடும் கோடரியுமாக இளைஞர் ஒருவர் இருந்தால், விற்பவர் ஈசா நபி என்பார். நம்பாதீர்கள். அவர் நூர் அலி ஷா, 1797இல் இறந்த, நிஃமதுல்லாஹி என்ற பிரிவைச் சேர்ந்த சூஃபி. அவரை வைத்து நெய்த கம்பளங்கள் நிறைய.

எங்கே நெய்தது என்று கேட்டால், சுலைமான் காட்சி என்றவுடன் நான் முதலில் கிர்மானைத்தான் நினைப்பேன். கிர்மான் தென்கிழக்கு ஈரானில் இருக்கிறது. அந்த ஊர் முதலில் சால்வைக்குப் பேர் போனது. ஐரோப்பாவில் மாங்காய்ப் பூச் சால்வை மோகம் 1870 வாக்கில் அடங்கியதும் அந்தத் தறிகள் எல்லாம் நின்றன. நுணுக்கமான சித்திரம் போடத் தெரிந்த ஒரு ஊரே வேலையில்லாமல் உட்கார்ந்தது. அவர்கள்தான் கம்பளத்துக்கு வந்தார்கள். ஓவியம் மாதிரி வளைந்து ஓடும் கோடு, முகத்தில் நிழல், அங்கியில் மடிப்பு எல்லாம் கிர்மானில் வந்ததற்கு இந்தச் சால்வைக் கைதான் காரணம் என்பது என் எண்ணம். வடக்கே ராவர் என்ற சிற்றூர் இன்னும் நுணுக்கம். வியாபாரிகள் அதை லாவர் என்று தப்பாகச் சொல்லிச் சொல்லியே அது ஒரு தரப் பெயராகிவிட்டது. உலகப் பெரியோர் அனைவரையும் வரிசையாக நிற்கவைத்த மஷாஹீர் கம்பளங்களும் கிர்மான் சரக்குதான். நபிமாரும் தத்துவ ஞானிகளும் நெப்போலியனும் ஒரே விரிப்பில் தோளோடு தோள் நிற்பார்கள். காஷான், தப்ரீஸ், இஸ்ஃபஹான் நகரங்களிலும் உருவக் கம்பளங்கள் உண்டு. ஹமதான் பக்கத்துக் கிராமங்களிலும் பக்தியாரி, கஷ்காய், அஃப்ஷார் மக்களிடமும் வேறு மாதிரி.

அந்த வேறு மாதிரி என்பதை முடிச்சுக் கணக்கில் சொன்னால் புரியும். ஈரானில் நெசவின் நுணுக்கத்தை ரஜ் என்ற அளவில் சொல்வார்கள். ஏறத்தாழ 7 செ.மீ. அகலத்தில் எத்தனை முடிச்சு என்பதுதான் ரஜ். 50 ரஜ் கம்பளத்தில் 7 செ.மீ. சதுரத்துக்குள் ஒரு முகம் வைத்தால், 50க்கு 50, அந்த முகத்துக்கு 2500 முடிச்சு கிடைக்கும். இமை, புருவம், மூக்கின் நிழல் எல்லாம் போடலாம். கிராமத்தில் 25 ரஜ். அதே முகத்துக்கு 625 முடிச்சு. கண்ணுக்கு இரண்டு மூன்று முடிச்சு மிஞ்சினால் அதிகம். அதனால்தான் கிராமத்து நபிமார் எல்லாரும் கண்ணை அகல விழித்துக்கொண்டு, வாய் ஒரு கோடாக, ஆச்சரியப்பட்ட பிள்ளை மாதிரி இருப்பார்கள். சிலர் இதைக் குறை என்பார்கள். எனக்கு நகரத்துக் கம்பளத்தைவிட இதுதான் மனதுக்கு நெருக்கம், பிடித்தம் அவரவர் விஷயம்.

உங்களுடையது 2 மீட்டருக்கு 1.35 மீட்டர் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈரானில் தோஸர் என்று சொல்லும் வழக்கமான அளவு. அது 50 ரஜ் ஆனால் மொத்தம் சுமார் 14 லட்சம் முடிச்சு. ஒரு நல்ல கை நாளைக்கு எட்டாயிரம் முடிச்சு போட்டாலும் ஒருவருக்கு ஆறு மாதத்துக்கு மேல். பட்டறையில் ஒருவர் கட்டம் போட்ட வரைபடத்தைப் பார்த்து "சிவப்பு இரண்டு, நீலம் ஒன்று" என்று ராகமாகச் சொல்லிக்கொண்டே போவார், தறியில் உட்கார்ந்தவர்கள் கேட்டுக் கேட்டு முடிச்சு போடுவார்கள். அதில் பலர் சிறுவர் சிறுமியர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அழகான முகத்துக்குப் பின்னால் கூன் விழுந்த முதுகுகள் உண்டு.

இனி வயதைக் கண்டுபிடிக்கும் வழி. முடியை விரல்களால் பிளந்து அடிவரை பாருங்கள். மேலே வெளுத்து, அடியில் பளீரென்று ஊதாவோ இளஞ்சிவப்போ தெரிந்தால் அது ஆரம்பகாலச் செயற்கைச் சாயம். 1856க்குப் பிறகுதான் செயற்கைச் சாயமே உலகத்தில் பிறந்தது, ஈரானுக்கு வந்தது அதற்கும் பிறகு. அந்த மலிவுச் சாயங்களால் ஏற்றுமதி கெடுகிறது என்று 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கஜர் அரசு தடைகூடப் போட்டது, முழுசாகப் பலிக்கவில்லை. இயற்கைச் சாயம் என்றால் சிவப்பு மஞ்சிட்டி இனத்து வேரிலிருந்து, கிர்மானில் கொச்சினீல் பூச்சியிலிருந்தும். பழுப்புக்கு வால்நட் ஓடு, மாதுளைத் தோல். நீலம் அவுரி. பாரசீகத்திலும் அதற்கு நீல் என்றுதான் பெயர், இந்தியாவிலிருந்து போன சரக்கின் பெயரும் கூடவே போயிருக்கிறது. ஆனால் நீலத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். 1897இல் ஜெர்மனியில் செயற்கை நீலமும் சந்தைக்கு வந்துவிட்டது, கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. நிறங்கள் எல்லாம் ஒரே சீராக, கொஞ்சமும் ஏற்ற இறக்கம் இல்லாமல், அடிமுதல் நுனிவரை ஒன்றாக இருந்தால் பிற்காலத்துச் செயற்கைச் சாயமான குரோம் சாயமாக இருக்கலாம். அப்படியென்றால் 1931 பக்கம்தான் சாய்வேன்.

பின்புறத்தையும் திருப்பிப் பாருங்கள். கிர்மான் என்றால் பருத்திப் பாவு, ஒவ்வொரு முடிச்சு வரிசைக்கும் மூன்று ஊடை இழை. தப்ரீஸ் என்றால் முடிச்சு வேறு, நூல் இரண்டு பாவையும் சமமாகச் சுற்றியிருக்கும். காஷான், கிர்மானில் ஒரு பாவை முழுக்கவும் மற்றதைப் பாதியும் சுற்றும். இரண்டு பாவுக்குப் பதில் நாலு பாவைச் சேர்த்து ஒரே முடிச்சாகப் போட்டிருந்தால் அது ஜுஃப்தி, வேலையைப் பாதியாக்கும் ஏமாற்று. குஞ்சம் கம்பளத்தின் பாவு நூலே நீண்டு தொங்குவதாக இருக்கவேண்டும். தனியாகத் தைத்து ஒட்டியிருந்தால் எந்திரத்தில் செய்ததாக இருக்கலாம். வளைகுடா போய்வந்த வீடுகளில் கஃபா படமும் மான் படமும் போட்ட வெல்வெட் விரிப்பு தொங்குமே, அது எந்திரச் சரக்கு. உங்களுடையதைப் பின்புறம் பார்த்தாலே அந்தச் சந்தேகம் தீர்ந்துவிடும், முன்பக்கப் படம் பின்னால் ஒவ்வொரு முடிச்சாகத் தெளிவாகத் தெரியும்.

விற்கும் எண்ணம் இருந்தால் ஒன்று. நூறு வயது தாண்டியதை இந்தியாவிலிருந்து தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் இடம் தராது. அமெரிக்காவோ ஈரானியக் கம்பள இறக்குமதியை 2018இலிருந்து மறுபடி தடை செய்திருக்கிறது. வெளிநாட்டு விலைப்பட்டியலை இணையத்தில் பார்த்துக் கணக்குப் போடவேண்டாம்.

உம்மாவின் தயக்கத்துக்கு நான் பதில் சொல்லக்கூடாது, உங்கள் ஊர் ஆலிமைக் கேளுங்கள். மாட்டினாலும் மாட்டாவிட்டாலும் மடித்து மட்டும் வைக்காதீர்கள். கடற்கரை ஊர் ஈரத்தில் பருத்திப் பாவு உள்ளுக்குள் மட்கும், மடிப்பில் திடீரென்று முறியும். விரித்து மெல்ல வளைக்கும்போது நறநறவென்று சத்தம் கேட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். சத்தம் இல்லையென்றால் பெரிய குழாயில் வெள்ளைப் பருத்தித் துணி சுற்றி, முடிப் பக்கம் வெளியே இருக்கும்படி உருட்டிவையுங்கள். பாச்சை உருண்டையைக் கம்பளத்தோடு ஒட்டவைக்காமல் தனித் துணிப்பையில் போட்டு வையுங்கள். மாசத்துக்கு ஒருமுறை நிழலில் பிரித்துப் பார்த்தால் பூச்சி அரித்ததா என்று தெரிந்துவிடும். சலவைத்தூள் வேண்டவே வேண்டாம். மாட்டுவதாக இருந்தால் ஆணி அடிக்காமல், பின்னால் மேல் ஓரம் முழுக்க அகலமான பருத்திப் பட்டை தைத்து அதற்குள் கம்பி நுழைத்து மாட்டுங்கள், வெயில் படாத சுவரில்.

எனக்கு நாலு படம் அனுப்புங்கள்: முழுக் கம்பளம், சுலைமான் நபியின் முகம் பக்கத்தில், முடியைப் பிளந்து அடி நிறம் தெரிகிறாற்போல் சிவப்பில் ஒன்று, அப்புறம் அந்த 1310. எண்ணை முன்பக்கமும் எடுங்கள், பின்பக்கமும் எடுங்கள். யாராவது பல்லைப் பிடுங்கி வயதைக் கூட்டியிருந்தாலோ, எண்ணையே பிறகு சேர்த்திருந்தாலோ, அந்த இடத்து முடிச்சு மட்டும் பின்னால் சுற்றியுள்ள முடிச்சோடு சேராமல் துருத்திக்கொண்டு நிற்கும்.